ஒப்பனைப் பெட்டியைத் தாமே சுமந்தவர்கள்: கருப்பின மாடல்களின் வரலாறு நமக்குச் சொல்வது

மாடலாக விரும்பும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எங்கும் ஒன்றுதான். நன்றாகத் தூங்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சருமத்தையும் முடியையும் நகத்தையும் சுத்தமாக வைத்திருங்கள். முதுகு வளையாமல் நடந்து பழகுங்கள். தேர்வுக்குப் போகும்போது ஒப்பனை குறைவாக இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள்.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. செருப்பும் குடையும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த எட்டில் பெரும்பாலானவை உடையும் முடியும் அலங்காரமும் பற்றியவை. தலைவாரிக்கொள்வதும் சட்டை போடுவதும் வெறும் சொந்த விருப்பம் என்றால், அதைத் தடுக்க ஊர் கூடித் தீர்மானம் போட வேண்டிய அவசியம் என்ன?

எனவே 'தன்னைத் தயார்செய்துகொள்வது' என்கிற இந்த விஷயத்தை நாம் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நம் மாணவர்களில் பலர் இன்று மாடலிங், நடிப்பு, விமானப் பணி, ஹோட்டல் வரவேற்பு என்று 'தோற்றம்' கேட்கும் வேலைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடிய வரலாறு ஒன்று அமெரிக்கக் கருப்பின மக்களிடம் இருக்கிறது. அந்த மக்களோடு நமக்குள்ள உறவு பழையது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை ஒட்டியது. 1946இல் அவர் கருப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதே 1946இல், அதே நியூயார்க்கில்தான் நாம் பேசப்போகும் கதையின் முக்கியமான திருப்பம் நடந்தது. ஆனால் அதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது.

சலவைத் தொட்டியிலிருந்து

மேடம் சி.ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்த சாரா பிரீட்லவ் 1867இல் லூசியானாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஏழு வயதில் அவர்களை இழந்தார். பதினான்கு வயதில் திருமணம், இருபது வயதில் கணவரையும் இழந்து, கையில் ஒரு குழந்தையோடு செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் துணி வெளுத்துப் பிழைத்தார்.

அவருக்கு முடி கொட்டியது. அவரைப் போன்ற ஏழைக் கருப்பினப் பெண்கள் பலருக்கும் கொட்டியது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம். தலைக்குக் குளிப்பதே அபூர்வம். பொடுகும் தலைப்புண்ணும் சாதாரணம். வறுமை தந்த இந்த நோயைப் பார்த்து, 'இவர்களுக்குச் சுத்தம் தெரியாது' என்று வெள்ளைச் சமூகம் சொன்னது. நமக்குப் பழக்கமான வசனம்தான்.

வாக்கர் தலைக்குப் பூசும் மருந்து ஒன்றைத் தயாரித்தார். அதைவிட முக்கியமாக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்: அடிக்கடி தலையை அலசுவது, தோலை அழுத்தித் தேய்ப்பது, மருந்து பூசுவது, பிறகு சூடான சீப்பால் வாருவது. 1908இல் பிட்ஸ்பர்க்கில் இதற்கென்று ஒரு பள்ளியைத் திறந்தார். வீட்டு வேலையும் சலவை வேலையும் தவிர வேறு வழியற்றிருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய முகவர்களாகிச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். 1917இல் பிலடெல்பியாவில் அந்த முகவர்களின் மாநாடு நடந்தது. கூந்தல் தைலம் விற்கும் பெண்கள் கூடிய அந்த மாநாடு, கருப்பின மக்களைக் கும்பலாக அடித்துக் கொல்லும் கொடுமைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று அதிபர் வில்சனுக்குத் தந்தி அனுப்பியது.

அவர்மீது விமர்சனமும் உண்டு. சூடான சீப்பால் சுருள்முடியை நேராக்குவது வெள்ளையரைப் போலச் செய்வதுதானே என்று அப்போதே கேட்டார்கள். இந்தக் கேள்வி அடுத்த நூறு ஆண்டுகளும் கருப்பின மாடல்களைத் துரத்தியது.

1946: இரண்டு ஏஜென்சிகள்

அந்தக் காலத்து அமெரிக்க விளம்பரங்களில் கருப்பினப் பெண் எப்படி இருந்தாள்? பான்கேக் மாவுப் பெட்டியில் தலையில் துணி கட்டிச் சிரிக்கும் வேலைக்காரி, 'ஆன்ட் ஜெமைமா'. இந்தப் படத்தை மாற்ற வேண்டும் என்றுதான் 1946இல் நியூயார்க்கில் பிராண்ட்ஃபோர்ட் மாடல்ஸ் ஏஜென்சி தொடங்கப்பட்டது. ஓவியர் எட்வர்ட் பிராண்ட்ஃபோர்டுடன் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பார்பரா வாட்சன். பின்னாளில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் உயர் பதவி வகித்தவர் இவர்.

அதே ஆண்டு ஒஃபீலியா டிவோரும் நண்பர்களும் சேர்ந்து கிரேஸ் டெல் மார்கோ ஏஜென்சியைத் தொடங்கினார்கள். டிவோர் வெளிர்நிறம் கொண்டவர். அதற்கு முன் அவர் படித்த மாடலிங் பள்ளி, அவர் கருப்பினத்தவர் என்று தெரியாமலேயே சேர்த்துக்கொண்டது. இன்னொரு கருப்பினப் பெண்ணுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டபோதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. நிறத்தால் தற்செயலாகக் கிடைத்த பயிற்சியை அவர் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் தன் மக்களுக்காகவே ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

அங்கே என்ன கற்றுக்கொடுத்தார்கள்? நிற்பது, நடப்பது, உட்காருவது, பேச்சு உச்சரிப்பு, ஒப்பனை, உடைத் தேர்வு, நாலு பேர் நடுவில் பழகும் விதம். ஆயிரக்கணக்கானோர் அங்கே படித்தார்கள். எல்லோரும் மாடலாகவில்லை. வேலை தேடுகிறவர்களும் தன்னம்பிக்கைக்காக வந்தவர்களும் இருந்தார்கள். டயஹான் கரோல், சிசிலி டைசன் போன்ற புகழ்பெற்ற நடிகைகள் அங்கிருந்து வந்தவர்கள்.

டிவோரின் வழி இதுதான்: நம்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்காதே. வெள்ளை மாடல் ஒருமுறை பழகினால் நீ பத்துமுறை பழகு.

இந்த இடத்தில் நமக்கு மகாட் நினைவுக்கு வருகிறது. 1927 டிசம்பரில் மகாடில் கூடியிருந்த பெண்களிடம் அம்பேத்கர் பேசினார். நீங்கள் சேலை கட்டும் விதமும், கையிலும் கழுத்திலும் போட்டிருக்கும் கனத்த வெள்ளி, தகர நகைகளும் உங்களைத் தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டுகின்றன. அவற்றை விட்டுவிடுங்கள் என்றார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றும் சொன்னார். மகாடில் பேசிய அம்பேத்கரும் நியூயார்க்கில் பள்ளி நடத்திய டிவோரும் ஒரே சிக்கலைத்தான் எதிர்கொண்டார்கள். ஆதிக்கம் உடம்பின்மேல் எழுதி வைத்த அடையாளத்தை அழிப்பது எப்படி என்பதே அது.

இந்த வழிக்கு ஓர் எல்லையும் இருந்தது. கருப்பின வாசகர்களுக்கான விளம்பரங்களில்கூட வெளிர்நிற மாடல்களுக்குத்தான் முன்னுரிமை. கருநிறம் கொண்ட ஹெலன் வில்லியம்ஸ் 1950களில் இந்தத் தடையை உடைக்கப் போராடினார். சொந்த நாட்டில் வாய்ப்பு குறைவாக இருந்ததால் பாரிஸ் சென்று அங்கே பெரிய வடிவமைப்பாளர்களுக்காக மேடையேறினார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் நிறத்தின் படிநிலை வேலை செய்கிறது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஹார்லெமின் இன்னொரு பாதை

1962 ஜனவரி 28. ஹார்லெமில் பர்ப்பிள் மேனர் என்ற அரங்கில் 'நேச்சுரலி 62' என்ற நிகழ்ச்சி நடந்தது. நடத்தியவர்கள் எலோம்பே பிராத், குவாமே பிராத்வெய்ட் சகோதரர்கள் முன்னின்று உருவாக்கிய கலைஞர் குழு. மேடையேறிய பெண்கள் கிராண்டாசா மாடல்கள் என்று அழைக்கப்பட்டார்கள். தொழில்முறைப் பயிற்சி பெறாத, அந்தப் பகுதியில் வாழ்ந்த சாதாரணப் பெண்கள். முடியை நேராக்காமல், சுருள்முடி அப்படியே இருக்க, ஆப்பிரிக்க உடைகளோடு நடந்தார்கள். கருநிறம் கொண்டவர்கள், பருத்த உடல் கொண்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு காட்சிக்குத்தான் திட்டம். திரண்ட கூட்டத்தைப் பார்த்து அதே இரவில் இரண்டாவது காட்சியும் நடத்த வேண்டியதாயிற்று.

'கருப்பு அழகு' என்ற முழக்கம் பரவியதில் இந்த மேடைக்கும் பிராத்வெய்ட் எடுத்த புகைப்படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இவர்களும் மணிக்கணக்கில் பழகினார்கள். உடை தைத்தார்கள், முடி அலங்கரித்தார்கள், நடை ஒத்திகை பார்த்தார்கள். உழைப்பு அதேதான். அளவுகோல் மட்டும் வேறு. அவர்கள் போலத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நாம் நாமாக எப்படி மிகச் சிறப்பாகத் தெரிவது என்று கேட்டார்கள்.

டிவோர் சரியா, கிராண்டாசா சரியா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. முதலாவது வழி வேலையைப் பெற்றுத் தந்தது. இரண்டாவது, அந்த வேலைக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்கும் துணிவைத் தந்தது. இரண்டும் இருந்ததால்தான் அடுத்த தலைமுறை எழுந்தது.

தொலைபேசி எண்ணோடு அனுப்பிய படம்

அந்தத் தலைமுறையில் நவோமி சிம்ஸ் முக்கியமானவர். மிசிசிப்பியில் 1948இல் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். உயரமானவர், கருநிறம் கொண்டவர். நியூயார்க்கில் படித்துக்கொண்டே ஏஜென்சிகளின் படியேறினார். 'நிறம் அதிகம்' என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் ஏஜென்சிகளை விட்டுவிட்டு நேராகப் புகைப்படக்காரர்களிடம் போனார். 1967இல் நியூயார்க் டைம்ஸின் ஃபேஷன் இணைப்பிதழ் அட்டையில் அவர் படம் வந்தது. அதன் பிறகும் ஏஜென்சிகள் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்போது அவர் ஒரு யோசனை செய்தார். முன்னாள் மாடலான வில்ஹெல்மினா கூப்பர் புதிதாக ஏஜென்சி தொடங்கியிருந்தார். 'இந்த அட்டைப்படத்தை உங்கள் தொலைபேசி எண்ணோடு விளம்பர நிறுவனங்களுக்கு நானே அனுப்புகிறேன். வேலை வந்தால் உங்களுக்குத் தரகு' என்று அவரிடம் பேசி முடித்தார். ஓராண்டுக்குள் வாரம் 1,000 டாலர் சம்பாதிக்கும் நிலைக்கு வந்தார். 1968 நவம்பரில் லேடீஸ் ஹோம் ஜர்னல் அட்டையிலும், 1969 அக்டோபரில் லைஃப் அட்டையிலும் அவர் முகம்.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவருடைய நிறமும் மாறவில்லை, நடையும் மாறவில்லை. மாறியது சந்தை. சிவில் உரிமைப் போராட்டம் வீதியில் நடந்துகொண்டிருந்தது. விளம்பர நிறுவனங்களுக்கு அது கேட்டது. தனிமனிதத் தயாரிப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், வீதியில் இயக்கம் இல்லாவிட்டால் கதவு திறக்காது.

ஒப்பனைப் பெட்டி

கதவைத் திறந்து உள்ளே போனவர்களுக்கு அடுத்த தடை ஒப்பனை மேசையில் இருந்தது. கருநிறத்துக்கான ஃபவுண்டேஷன் கடைகளில் இல்லை. முக ஒப்பனை செய்பவர்களுக்குக் கருநிறத் தோலும், தலை அலங்காரம் செய்பவர்களுக்குச் சுருள்முடியும் தெரியாது. அதனால் கருப்பின மாடல் வீட்டிலேயே முடியைச் சரிசெய்துகொண்டு, தன் ஒப்பனைப் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு போனார். வெள்ளை மாடல் கழுவிய முகத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

1958இல் யூனிஸ் ஜான்சன் தொடங்கிய எபனி ஃபேஷன் ஃபேர், கருப்பின மாடல்களைப் பேருந்தில் ஊர் ஊராக அழைத்துச் சென்று நடத்திய பயண நிகழ்ச்சி. கருப்பின அமைப்புகளுக்கும் கல்விக்கும் நிதி திரட்டித் தந்தது. அந்த மாடல்கள் இரண்டு மூன்று ஃபவுண்டேஷன்களைக் கையில் கலந்து தங்கள் நிறத்தை வரவழைப்பதை யூனிஸ் பார்த்தார். பெரிய அழகுசாதன நிறுவனங்களிடம் போய், எங்கள் நிறத்துக்கு ஏற்றவற்றைத் தயாரியுங்கள் என்று கேட்டுப்பார்த்தார்கள். நடக்கவில்லை. 1973இல் அவர்களே ஃபேஷன் ஃபேர் காஸ்மெட்டிக்ஸைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மாடலிங்கை விட்ட நவோமி சிம்ஸ், கருப்பினப் பெண்களின் முடியோடு ஒத்துப்போகும் விக் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். அதற்கான இழையைத் தன் வீட்டு அடுப்பிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர்.

சோமாலியாவில் பிறந்த இமான் 1975இல் நியூயார்க் வந்தார். முதல் படப்பிடிப்பிலேயே ஒப்பனைக் கலைஞர், சொந்தமாக ஃபவுண்டேஷன் கொண்டுவந்தாயா என்று கேட்டார். அதன்பின் இமான் தானே கலந்து கொண்டுபோகத் தொடங்கினார். 1994இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். 2015இல், அதாவது நாற்பது ஆண்டுகள் கழித்தும், தெற்கு சூடானிலிருந்து வந்த மாடல் நைகோர் பால், என் ஒப்பனையை நானே ஏன் சுமந்து வர வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் கேட்டார்.

கேமராவும் நடுநிலையானது இல்லை. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைப் பெண்ணின் படம் கொண்ட அட்டையைத்தான் பல்லாண்டுகள் அளவாக வைத்திருந்தது. கருநிற முகங்கள் படத்தில் இருட்டாகப் பதிந்தன. படச்சுருளை மேம்படுத்த அந்த நிறுவனத்தை உந்தியவை மர மேசை, சாக்லெட் விற்கிற விளம்பரதாரர்களின் புகார்கள். மேசையின் பழுப்பு சரியாகத் தெரியவில்லை என்ற புகாருக்குக் கிடைத்த மரியாதை, மனிதர்களின் முகத்துக்குக் கிடைக்கவில்லை. 'உனக்குப் போட்டோ நன்றாக வராது' என்று யாராவது சொன்னால், குறை முகத்திலா கருவியிலா என்று நாம் கேட்டாக வேண்டும்.

வெர்சாயும் அதற்குப் பிறகும்

1973 நவம்பர் 28 அன்று பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்களும் ஐந்து அமெரிக்க வடிவமைப்பாளர்களும் ஒரே மேடையில் தங்கள் உடைகளைக் காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரம்மாண்ட அரங்க அமைப்பும் இசைக்குழுவும் இருந்தன. அமெரிக்கர்களுக்கு ஒத்திகைக்கே நேரம் சரியாகக் கிடைக்கவில்லை. அவர்களுடைய திரைச்சீலையோ மீட்டர், அடி குழப்பத்தில் அளவு மாறிப்போயிற்று. வெற்று மேடையில் ஒலிநாடா இசைக்கு மாடல்கள் நடந்தார்கள். அவர்களில் சுமார் பத்துப் பேர் கருப்பினப் பெண்கள்: பெத்தான் ஹார்டிசன், பாட் கிளீவ்லேண்ட், பில்லி பிளேர், ஆல்வா சின் உள்ளிட்டோர். அவர்களின் நடையைப் பார்த்து அரங்கமே எழுந்து கைதட்டியது. ஹார்லெமின் நடன அரங்குகளிலும் எபனியின் பேருந்துப் பயணங்களிலும் பக்குவப்பட்ட நடையின் வெற்றி அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க வோக் முதன்முறையாக ஒரு கருப்பினப் பெண்ணை, பெவர்லி ஜான்சனை, அட்டையில் போட்டது.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. திறந்த கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. பிரெஞ்சு வோக் அட்டையில் ஒரு கருப்பின மாடல் இடம்பெற 1988 ஆகஸ்ட் வரை, நவோமி கேம்ப்பெல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1988இல் பெத்தான் ஹார்டிசனும் இமானும் சேர்ந்து பிளாக் கேர்ள்ஸ் கோயலிஷன் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 2013இல் ஹார்டிசன் ஃபேஷன் துறைக் கவுன்சில்களுக்குத் திறந்த கடிதம் எழுதி, கருப்பின மாடல்களை ஒதுக்கும் நிறுவனங்களின் பெயர்களைப் பட்டியலிட்டார். 2019இல் கலிபோர்னியா மாநிலம் பணியிடத்திலும் பள்ளியிலும் தலைமுடியின் இயல்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. வாக்கர் காலத்தில் தொடங்கிய முடிச்சண்டை சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நமக்கு என்ன?

கருப்பினப் போராட்டத்திடமிருந்து நாம் கற்பது புதிதில்லை. 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் நிறவெறியும் சாதியும் ஒன்றே என்று சொல்லிவிடவும் முடியாது. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதி பெயரில், ஊரில், பேச்சில், உணவில் ஒளிந்துகொண்டு வேலை செய்யும். 'உன்னிடம் ஏதோ குறைகிறது', 'பாலிஷ் போதவில்லை' என்று தேர்வாளர் சொல்லும்போது அது தோலைப் பற்றியதா, தெருவைப் பற்றியதா என்று சட்டென்று பிடிபடாது. நிறம் பற்றிய இழிவும் இங்கே தனியாக உண்டு. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல்தான் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது. நகைக்கடை விளம்பரங்களில் நம் நிறத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று இன்று மாலை எண்ணிப் பாருங்கள்.

மாடலிங்கோ வேறு வேலையோ, தயாராகிற தோழர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். நடையை, பேச்சை, உடையை, ஒப்பனையைக் கற்றுக்கொள்ளுங்கள். அது தொழில் திறமை. தச்சருக்கு உளி போல. யாரும் நமக்குத் தடைசெய்ய முடியாதபடி அதில் தேர்ச்சி பெறுங்கள். கிராப்பு வெட்டத் தடை இருந்த மண்ணில், இன்றும் சில ஊர்ச் சலூன்களில் நம் தலையைத் தொட மறுக்கும் மண்ணில், சீராக வாரிய தலையோடு நிற்பது சிறிய விஷயம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு அறிவுரையையும் கேட்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இது என் உடம்பைப் பேணச் சொல்கிறதா, என்னை மறைக்கச் சொல்கிறதா? தூக்கமும் தண்ணீரும் சுத்தமும் நேரம் தவறாமையும் முதல் வகை. நிறத்தை வெளுக்கும் களிம்பு இரண்டாவது வகை. ஊர்ப் பெயரைச் சொல்லாதே, அப்பாவின் தொழிலைச் சொல்லாதே என்பதும் இரண்டாவது வகை.

கடைசியாக, தனியாகத் தயாராகாதீர்கள். வாக்கர் முகவர்களைச் சேர்த்தார். டிவோர் பள்ளி கட்டினார். ஹார்லெம் தெரு தன் மேடையைத் தானே போட்டது. யூனிஸ் ஜான்சன் ஒப்பனைப் பொருள் நிறுவனமே தொடங்கினார். ஹார்டிசன் அமைப்பு கட்டினார். நம்மிடம் இன்று புகைப்படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒப்பனை படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆட்டமும் பறையும் நம் உடம்பிலேயே இருக்கின்றன. முதல் போர்ட்ஃபோலியோ எடுக்கக் காசில்லாத ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடினால் போதும். உங்கள் கல்லூரியில், உங்கள் சேரியில், அந்த ஞாயிற்றுக்கிழமையை யார் முதலில் ஏற்பாடு செய்யப்போகிறீர்கள்?

ஜெய் பீம்!